ஆயுத பூஜையன்று நான் தேய்த்த பித்தளை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினருக்கும் நண்பருக்கும், காலமானவரின் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. மலர் என்றால் புகழ்ந்துதான் எழுத வேண்டும். நானும் புகழத்தான் போகிறேன். அதற்கு முன் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது இதே ரங்கூனில், லான்மடா பேட்டையில். எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவர் காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அரிசி ஆலையில் சேர்ந்தார். உமித்தூசி நெஞ்சில் இறங்கி, இருமிக்கொண்டே அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பிறகு பபேடான் பேட்டையில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை கிடைத்தது. துப்பாக்கிக் கடைக்காரர் என்று ஊரில் பயந்தார்களே தவிர, அவர் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை.

வேட்டைக்காரர்கள் சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள். புது மருந்தும் குண்டும் அடைத்தால் அவற்றை மறுபடி சுடலாம். ஆனால் எல்லாக் கூடும் தாங்காது. தாங்குவதையும் தாங்காததையும் பிரிப்பதுதான் அண்ணனின் வேலை. நாலைந்து கூடுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்குவார். விரிசல் விட்டது ஒன்று இருந்தாலும் ஓசை அடைத்துக் கேட்குமாம். பிறகு நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடி வரை இழுப்பார். கம்பி தடுக்கினால் அங்கே பித்தளை தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். அதை மறுபடி சுட்டால் கூடு இரண்டாகக் கிழிந்து, நெருப்பு சுடுகிறவரின் முகத்துக்கே திரும்பும்.

வெற்றுக் கூடுகள்தானே என்று வீட்டிலும் கொண்டுவந்து பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், “அவசரப்படுத்தாதே தங்கச்சி, இது ஒருத்தர் கண்ணு” என்பார். சோறு ஆறிப்போகும். எனக்கு எரிச்சலாக வரும்.

கழித்த கூட்டை உடனே சுத்தியலால் நசுக்கிவிடுவது அவர் வழக்கம். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அவர் வேலையை முடிப்பதற்குள் அம்மா சுத்தியலைக் கழுவிப் பொட்டிட்டுப் பூஜையில் வைத்துவிட்டார்கள். வைத்ததை எடுக்கலாமா? கழித்த ஏழு கூடுகளின் அடியிலும் விளக்குக் கரியைத் தடவித் தனிக் கிண்ணத்தில் போட்டு வைத்தார். பூஜை முடிந்ததும் நசுக்கிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

மறுநாள் காலை அண்ணன் கோயிலுக்குப் போனார். நான் குத்துவிளக்கும் தாம்பாளமும் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பித்தளையெல்லாம் மின்ன, அண்ணனின் தொழில் பித்தளை மட்டும் கறுத்துக் கிடப்பதா என்று தோன்றியது. கூடையில் இருந்த நல்ல கூடுகளையும் கிண்ணத்தில் இருந்ததையும் ஒரே தொட்டியில் கொட்டிப் புளி போட்டுத் தேய்த்தேன். கரியை அழுக்கு என்றே நினைத்தேன். எல்லாம் தங்கம் போல் ஆயின. எனக்கு ஒரே பெருமை.

கடையில் தோட்டா அடைப்பவர் தொண்டிக்காரரான மீரான் காக்கா. அவர் வந்து, “அண்ணன் பாத்து வச்சதெல்லாம் இதுதானா தங்கச்சி? ஊ தா கடையில காத்துக்கிட்டு இருக்காரு” என்றார்.

“எல்லாம் பாத்தாச்சு காக்கா, அள்ளிக்கங்க” என்றேன் நான், மகாராணி மாதிரி.

ஊ தா, ஆற்றுக்கு மேலே ஒரு பர்மியக் கிராமத்தின் தலைவர். வயலை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடுகிறவர்.

அண்ணன் பிற்பகலில் திரும்பினார். “கிண்ணத்துல இருந்தது எங்கே?” என்று கேட்டார். சொன்னேன். “கரி தடவி வச்சிருந்தேனே?” என்றார். “அழுக்குன்னு தேச்சு எடுத்துட்டேண்ணே” என்றேன். என்னை அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

கடைக்குப் போனால், ஊ தா தோட்டாக்களை வாங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டார். துறைக்குப் போனால் ஸ்டீமர் ஊதிவிட்டது. பலகையை இழுக்கிற நேரத்தில் தாவி ஏறியிருக்கிறார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நாள் தகவலே இல்லை. யாரோ முகம் தெரியாத ஒரு மனிதரின் கண்ணை நான் புளி போட்டுத் தேய்த்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, பச்சைத் தண்ணீர் இறங்காமல் கிடந்தேன்.

மூன்றாம் நாள் தோட்டாப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். “ஒண்ணுகூடச் சுடலை. எழுந்து சாப்பிடு” என்றார். அன்று சாப்பிட்ட சோற்றின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. காக்காவும் அவரும் அத்தனை தோட்டாக்களையும் பிரித்தார்கள். கம்பி விட்டுப் பார்த்து ஏழையும் கண்டுபிடித்தார்கள்.

முதலாளியிடம் அண்ணன் சொன்னது, “கழிச்சதை நான்தான் கலந்துட்டேன்.” அவ்வளவுதான். அடுத்த மூன்று மாதம் அவர் பார்த்த ஒவ்வொரு கூட்டையும் இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். ரங்கூனில் அவரளவு கை நிதானம் உள்ளவர் இல்லை. அவர் புதிதாய் வந்தவர் போல் கை கட்டி நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. உறவினர் கேலி செய்தபோதும் திறக்கவில்லை. அதுதான் என் வெட்கம்.

கடைசி மழைக்காலத்தில் பழைய இருமல் படுக்கையில் தள்ளியது. அப்போது கேட்டேன், “அண்ணே, அது நான் செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடட்டா?”

“உனக்குப் பாரமா இருந்தா சொல்லிடு. எனக்கு அது பாரமாவே இருந்ததில்லை” என்றார். இரண்டு நாள் கழித்து, காலைக் கஞ்சி குடித்த பிறகு, வலி ஏதும் இன்றிக் கண் மூடினார். பட்ட பாட்டுக்கு முடிவாவது சுலபமாக அமைந்ததே என்று நிம்மதி அடைந்தோம்.

இப்போது சொல்லிவிட்டேன். அண்ணன் ஒரு கூட்டையும் தவறவிட்டவர் அல்லர். அவரைக் கேலி செய்தவர்கள் இனி என்னைக் கேலி செய்யலாம்.

தினமும் தாமுவே பேட்டையிலிருந்து கஞ்சி கொண்டுவந்த அத்தைக்கும், படுக்கையருகே இருந்த மீரான் காக்காவுக்கும், நாடி பார்த்த வைத்தியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பதினாறாம் நாளுக்கு ஸ்டீமர் ஏறி வந்த ஊ தாவுக்கும்தான். முதன்முதலில் அவரிடமே உண்மையைச் சொன்னேன். “யாபாதே, யாபாதே” என்றார். பரவாயில்லை என்று பொருள். பிறகு அண்ணனின் படத்துக்கு முன் உட்கார்ந்து அழுதார். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் நீர் வழிந்த அந்த இரண்டு கண்களையும் பார்த்துக்கொண்டு, அப்பாடா என்று அவர் எதிரே உட்கார்ந்துவிட்டேன்.