பலன் எதிர்பார்த்த பரமேஸ் அக்கா

பரமேஸ் அக்கா போய்விட்டார் என்ற செய்தி கொக்குவில் ரயில் கடவையில் வைத்து எனக்கு வந்தது. ஓட்டோவின் பின்னால் ஒரு பயணி, முன்னால் சாத்திய கடவை, காதில் லண்டனிலிருந்து அக்காவின் தம்பி. "அண்ணை, அக்கா விடிய மோசம் போயிட்டா. நெஞ்சு நோகுதெண்டு சொன்னவவாம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக முதல் எல்லாம் முடிஞ்சுது." ரயில் போனது, கடவை திறந்தது, பின்னால் நின்றவர்கள் ஹோர்ண் அடித்தார்கள். நான் நகரவில்லை. பயணி இறங்கி நடந்தே போய்விட்டார். அவரிடம் ஓட்டக் காசு வாங்கவும் மறந்துபோனேன். அக்கா இருந்திருந்தால் அதற்கும் ஏசியிருப்பார்.

தம்பி வந்து இறங்கினார். அக்காவின் உடுப்பிட்டி வீட்டு முற்றத்தில் சமையல்காரர் விலை சொன்னார், தம்பி தலையாட்டினார். சாவீட்டை நேரலையில் காட்ட வந்த வீடியோக்காரர் விலை சொன்னார், அதற்கும் தலையாட்டினார். பிறகு என் தோளில் கை போட்டார்.

"அண்ணை, முப்பத்தொண்டாம் நாளுக்குக் கல்வெட்டு ஒண்டு அடிக்கவேணும். நீங்கள் அக்காவோடை பழகின ஆள்தானே. சும்மா அன்பாய் நாலு பாட்டு எழுதித் தாங்கோ."

சாவீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது. "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று வந்துவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் ஏன் கொதித்தேன் என்று தெரியும். செத்தவரின் வாழ்க்கையைப் பாட்டாக்கி அச்சடித்து முப்பத்தோராம் நாள் கொடுக்கிறோமே, அந்தக் கல்வெட்டு எழுதித்தான் பரமேஸ் அக்கா சீவித்தார். உங்களில் பலருடைய தாய் தகப்பனை அவர்தான் பாட்டில் ஏற்றினார். நானும் எழுதுகிறேன், எட்டாம் வகுப்போடு நின்ற துணிச்சலில். என் எழுத்துப் பிழைகளைத் திருத்தியே அச்சகக்காரருக்குத் தமிழ் நன்றாக வந்துவிட்டது. ஆனால் எனக்கு ஓட்டோ இருந்தது. அவருக்கு எழுத்துத்தான் சோறு.

தொடக்கத்தில் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் அவர் விலை வைத்திருந்தார். ஒருநாள் மூன்று பிள்ளைகள் வந்து, தாயின் கல்வெட்டைப் பத்துப் பாட்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கச் சொன்னார்கள். எதை விடுவது என்று அக்கா கேட்டார். "அம்மா தையல் தைச்சு எங்களைப் படிப்பிச்ச பகுதியை விடுங்கோ. மருமக்களின்ரை பேர் கட்டாயம் வேணும்." அன்றோடு அந்தக் கணக்கை அவர் விட்டார். "பாட்டுக்கு விலை வைச்சால் சனம் ஆயுளை வெட்டுது, குணம். இனி ஒரு ஆயுளுக்கு ஒரு விலை" என்று என்னிடம் சொன்னார். அந்த விலை கனடாக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்றுதான்.

குருநகரில் கடலுக்குப் போன கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் அவரை நான்தான் கூட்டிப்போனேன். அந்தப் பெண் பாதி விலை தரட்டுமா என்று கேட்டார். அக்கா மறுத்தார். "சும்மா எழுதித் தாறன் பிள்ளை. குறைச்சு எழுதமாட்டன்." பாதியையாவது வாங்கியிருக்கலாமே என்று திரும்பும் வழியில் நான் நக்கலடித்தேன். "பாதி வாங்கினால், நாளைக்கு அதுதான் முழு விலை" என்றார். அடுத்த கிழமை அந்தப் பெண் ஒரு பை நிறைய விளைமீன் கொண்டுவந்தார். அக்கா சுத்த சைவம். மீன் என் வீட்டுக்கு வந்தது. கல்வெட்டுத் தொழிலில் நான் கண்ட நல்ல வரும்படி அதுதான்.

இப்போது என் பாவத்தைச் சொல்ல வேண்டும். கொக்குவிலில் ஒரு பெரிய வீட்டார் அக்காவின் விலையைக் கேட்டு, "நாலு பாட்டுக்கு இவ்வளவோ?" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்கள். காசைப் பற்றிக் கதைக்க எனக்கு வெட்கம். "தாறதைத் தாங்கோ" என்றேன். நம் ஊரில் மரியாதை தெரிந்தவர்கள் எல்லாரும் செய்யும் பிழை அது. முப்பத்தோராம் நாள் ஒலிவாங்கியில் என்னைக் 'கவிஞர்' என்று கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வடை, பாயாசத்தோடு சாப்பாடும் போட்டார்கள். அவ்வளவுதான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு படமும் எடுத்தேன்.

அடுத்த நாளே அக்கா சைக்கிளில் வந்து நின்றார்.

"உந்தச் சால்வையை அவிச்சுத் தின்னலாமோ, கவிஞர்?"

"அக்கா, அது ஒரு மரியாதை..."

"ஓட்டோவிலை ஏறுற ஆளிட்டையும் தாறதைத் தாங்கோ எண்டுதான் சொல்லுறனீரோ?"

"அதுக்கு மீற்றர் இருக்கல்லோ."

"அப்ப உம்மடை மண்டைக்கு ஒரு மீற்றர் பூட்டும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆண்டு முழுக்க, "கொக்குவிலிலை ஒராள் சால்வைக்கு எழுதுறார்" என்று அவருடைய படலை வாசலில் நின்று சொல்லிச் சொல்லிச் சனம் திரும்பிப் போனது. அவர் காப்பை அடகு வைத்ததை வேறு ஆட்கள் சொல்லித்தான் நான் அறிந்தேன். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு வேண்டாம். விலையைச் சொல்லும்" என்றார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே விலை. "நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கதைச்சு வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டவர்களுக்கு "ஓம்" என்றோம்.

இப்படிப்பட்டவரின் கல்வெட்டைத்தான் தம்பி சும்மா கேட்டார். வசதியில்லாதவர் என்றால் ஒரு சொல் பேசாமல் எழுதியிருப்பேன். இறைச்சிக் கறியையும் மிஞ்சும் விலையில் பத்து வகை மரக்கறி போடுகிறவரிடம் அக்காவின் விலையைச் சொன்னேன்.

"அக்காவுக்கு எழுதுறதுக்கும் காசோ அண்ணை?"

"அக்காவுக்கு எண்டபடியால்தான் காசு, தம்பி."

பாதி தருவதாகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவர் வேறு யாரையோ பிடித்தார்.

முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என் கையிலும் வந்தது. வழுவழுத் தாளில் நிறப் படங்கள். நடுப்பக்கத்தில் இப்படி இருந்தது: 'பொழுதுபோக்காய்க் கவி புனைந்தார், பலன் எதிர்பாராது தமிழ்த்தொண்டு புரிந்தார்.'

பொழுதுபோக்கு! முப்பது ஆண்டுகள் முதுகு வளைந்து குந்தியிருந்து எழுதிய ஒரு மனிசியின் ஆயுளை, அவருடைய சொந்த முற்றத்திலேயே இரண்டு வரியில் வெட்டிவிட்டார்கள். அச்சடித்தவருக்குக் காசு, தாளுக்குக் காசு, அந்தப் பொய்யைக் கொண்டுவந்து இறக்கிய வாகனத்துக்கும் காசு. எழுதியவருக்கு என்ன கொடுத்தார்களோ தெரியாது. அவர் கழுத்தில் ஒரு சால்வை கிடந்தது. அவரில் எனக்குக் கோபமில்லை. அந்தக் கழுத்து எனக்குத் தெரிந்த கழுத்து.

ஆகையால், அவரை அறிந்தவர்களே, உங்கள் வீட்டில் அந்தக் கல்வெட்டு இருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து பேனையால் வெட்டி இப்படி எழுதுங்கள்: பரமேஸ்வரி பலன் எதிர்பார்த்தார். காசாக எதிர்பார்த்தார். வேலைக்கு ஏற்ற விலையை, வேலைக்கு முன்பே, கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். விலையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பது. எட்டாம் வகுப்புக்காரனுக்கு அது பெரிய படிப்பு. இந்த அஞ்சலியைக் கேட்ட இதழாசிரியரிடமும் விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பிறகு சரி என்றார். அதன் பிறகுதான் அழுதேன்.