அரக்கு வைத்த பை

பட்டணத்துத் தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு ஒழுங்கு பற்றிய கர்வம் கொஞ்சம் அதிகம். வந்த கடிதங்களுக்குத் திகதி குத்தி, ஊர்வாரியாகப் பிரித்து, பையில் போட்டு வாயைக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும். அதன்பிறகு எந்த ஊர்ப் பையோ அந்த ஊர்க் கந்தோரில்தான் அதைத் திறக்கலாம். நடுவில் ராசாவே வந்து கேட்டாலும் திறக்கமாட்டேன் என்று கூட இருந்தவர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

ஒருநாள் முற்பகல், அரக்கின் சூடு ஆறுமுன், வாவிக்கு அக்கரைப் பழுகாமத்து வேளாண்மைக்காரர் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். வயல் வட்டையிலிருந்து நேரே வள்ளம் ஏறியிருக்க வேண்டும். காலில் வயற்சேறு காய்ந்து கிடந்தது. மனைவிக்கு நெருப்புக் காய்ச்சல். பட்டணத்து ஆசுபத்திரி ஒன்றில் தனி வாட்டில் வைத்திருந்தார்கள். தொற்றுநோய் என்பதால் பார்க்க விடுவதில்லை. வரவேண்டிய நேரத்தில் தபால் கார்ட் போடுவோம், கார்டோடு வந்தால் விடுவோம் என்று சொல்லி இவரை அனுப்பிவிட்டார்கள். நாட்கள் போயும் கார்ட் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் வந்தவரை அன்று காலை வாசற்காவலாளி, கார்ட் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டான்.

“ஐயா, எனக்கு ஆசுபத்திரிக் கார்ட் ஏதும் வந்திரிக்கா?”

வந்திருந்தது. நானே திகதி குத்திய கார்ட். பெயரும் ஊரும் நினைவிருந்தன. மறுபக்கத்தைப் பார்க்கவில்லை. பிறருடைய கார்டை வாசிக்காதவன் என்பதும் என் கர்வத்தில் ஒரு பங்கு.

“ஓம் அண்ணே, வந்திரிக்கு. ஒங்கட ஊர்ப் பைக்குள்ள போட்டு அரக்கு வெச்சாச்சு.”

அவர் முகம் மலர்ந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

“அத எடுத்துத் தாங்க ஐயா. ஆசுபத்திரி இந்தா கிட்டத்தானே.”

“பையத் திறக்க ஏலா.”

“என்ன எழுதிரிக்கு எண்டாவது சொல்லுங்க.”

“நான் வாசிக்கல்ல.”

“ஒருக்காத் திறந்து பாத்திட்டுக் கட்டுங்க ஐயா.”

“ஏலா எண்டு சொன்னன்தானே. பகல் வள்ளத்திலதான் பை போகுது. நீங்களும் அதில போய், அங்க கார்ட வாங்கிட்டு நாளைக்குக் காலையில வாங்க.”

நல்ல யோசனை சொன்னதாகவே நினைத்தேன். அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். வாவியில் அன்று காற்று. பை நனையக்கூடாதென்று அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனவர் அவர்தான் என்று பை கொண்டுபோனவன் பிறகு சொன்னான்.

அக்கரைக் கந்தோரில் பையைத் திறந்து கார்டை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். நோய் கடுமை, உடனே வரவும். அன்றைக்குத் திரும்பிவர வள்ளம் இல்லை. மறுநாள் கார்டோடு போனபோது காவலாளி மறுபேச்சில்லாமல் வாசலைத் திறந்துவிட்டானாம். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். முந்தின நாள் பொழுதுபடும்வரை அந்த அம்மா உயிரோடு இருந்திருக்கிறார்.

விசாரணை வைத்திருந்தால் ஒருவர்மேலும் குற்றம் வந்திராது. எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தோம். ஒழுங்கு இல்லாமல் கந்தோர் நடக்காது என்று இன்றும் சொல்வேன். ஆனால் கார்ட் உரியவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத்தானே அத்தனை அரக்கும்? உரியவர் என் முன்னால் நின்றார். நான் கார்டை அவரிடமிருந்தே காப்பாற்றினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆசுபத்திரியிலிருந்து அவர் நேரே என்னிடம்தான் வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கார்டை என் முன்னால் வைத்தார்.

“நான் ஒங்களோட கதைக்கக்குள்ள இது எங்க ஐயா கிடந்த?”

என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தைக் காட்டினேன். அவர் அந்த இடத்தைப் பார்த்தார்.

“எனக்குத்தான் ஐயா, கேக்கத் தெரியாமப் போயிட்டு.”

அவருக்குக் கேட்கத் தெரிந்துதான் இருந்தது. மூன்று தரம் கேட்டார்.