அல்போன்சா கட்டிய அடுப்பு

கல்யாணமான புதிதில் அல்போன்சாவுக்கு மாமியார் கொடுத்த ஒரே எச்சரிக்கை, "அவன் வாய்க்கு வக்கணையாக் கேப்பான், பாத்துக்கோ" என்பதுதான். பொய்யில்லை. ரூஃபஸ் சாப்பிடுவதற்காகவே பிறந்த மனிதர். ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை. சூடு ஏறினால் இரும்புக் குழாய் எவ்வளவு விரியும், அதற்கு எங்கே எவ்வளவு இடம் விடவேண்டும் என்று கணக்குப் போடுவார். அது வயிற்றுப் பாட்டுக்கு. மனசெல்லாம் மீன் மேல்தான். சனிக்கிழமை விடிந்தால் வியட்நாம்காரர் கடையில் போய் நின்று, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரரே போதும்டா சாமி என்று கும்பிடும்வரை பொறுக்குவார். அவர் நாசரேத் சி.எஸ்.ஐ., அல்போன்சா தூத்துக்குடி ஆர்.சி. வெள்ளிக்கிழமை கறி கிடையாது என்று அவள் சொன்னால், "மீனை உங்க போப்பு ஒண்ணும் சொல்லலையே" என்று கண்ணடிப்பார். ஹூஸ்டனை ஒட்டின கேட்டியில் அந்த வீட்டுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், அவர் வாய் மூடிச் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்தது ஒரு கட்டி! பாழாய்ப் போன அந்தச் சனியனுக்கு உடம்பில் வேறு இடமே கிடைக்கவில்லையா? ரேடியேஷன் கொடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள். கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர் கை குலுக்கினார். அல்போன்சா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டாள். ஆனால் தொண்டை வெந்து போயிருந்தது, நாக்குக்கு ருசி செத்துவிட்டது. வயிற்றில் ஒரு ட்யூப் வைத்து, டின்னில் வரும் பாலை அதில் ஊற்றச் சொல்லி அனுப்பினார்கள்.

புண் ஆறியும் அவர் முழுங்கவில்லை, அதுதான் கொடுமை. எக்ஸ்ரே வைத்துப் பார்த்தார்கள். வழி திறந்திருக்கிறது, மெதுவாக மசித்த சாப்பாடு தாராளமாய்ப் போகும் என்றார்கள். விழுங்கப் பயிற்சி கொடுக்கும் விஷாகா என்ற பெண் அல்போன்சாவைத் தனியே கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். வேலை கொடுக்காத தசை மறந்துவிடும், அடுத்த முறை வரும்போதும் இவர் வாயால் ஒன்றும் எடுக்கவில்லை என்றால் ட்யூபை எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை, காலம் முழுக்க அதோடுதான் என்று. அந்த அடுத்த முறை, தேங்க்ஸ்கிவிங் லீவு முடிந்த திங்கட்கிழமை.

அல்போன்சா செய்யாத கூத்தில்லை. கஞ்சி, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம். தினமும் ஒரு கிண்ணத்தோடு அவர் எதிரில் உட்காருவாள். பக்கத்தில் மகள் ரெனிஷா, பதினோராம் கிளாஸ், அப்பாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் ஒரு வாய் வாங்குவார். "மண்ணு" என்பார். துப்புவார். பிறகு அந்த ஒரு வாயும் நின்றது, பேச்சும் நின்றது. கிண்ணத்தைக் கண்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

இதற்கு நடுவில் வீட்டுக்கு ஒரு வழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. அவரால் சாப்பிட முடியாதபோது நாம் மட்டும் எப்படி அவர் கண் முன்னால் சாப்பிடுவது? அல்போன்சா சமையலை நிறுத்தினாள். தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது. பசித்தால் அம்மாவும் மகளும் கராஜுக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டியைத் தின்பார்கள். தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவார்கள். அவள் அனுசரிக்கிற தவக்காலமாவது ஈஸ்டரோடு முடியும். இது முடிகிற மாதிரியே இல்லை.

லீவுக்கு முந்தின நாள் கராஜில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. பின்கட்டில் ஒரு விறகு கிரில் கட்டவேண்டும் என்று ரூஃபஸ் வருஷக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் விற்கிற தகர டப்பா இல்லை, செங்கல் வைத்துக் கட்டியது. ஒரு சக்கரத்தைச் சுற்றினால் கம்பி வலை ஏறவேண்டும், இறங்கவேண்டும். வருஷா வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிப் போனது. வாசனையை மறைத்து மறைத்து வைத்தும் பயனில்லை. இனி மூக்குக்கு நேரே காட்டித்தான் பார்ப்பது என்று நினைத்தாள். நெருப்பில் மீன் சுடுகிற வாசனைக்கும் அந்த மனுஷனின் தொண்டை அசையாவிட்டால், அப்புறம் ஆண்டவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தெரு திருமூர்த்தி தன் பிக்கப்பில் கல்லும் சிமென்டும் ஏற்றிக்கொண்டு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. சாப்பிட முடியாத மனுசன் கண்ணு முன்னால மீனு சுடறது... நல்லாவா இருக்குங்க?"

"வேற வழி தெரிஞ்சா சொல்லுங்கண்ணா. அதைச் செய்றேன்."

திருமூர்த்தி தலையைச் சொறிந்தார். பிறகு கல்லை இறக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

வேலை ஆரம்பித்தது. ரூஃபஸைப் போர்வை சுற்றிப் பின்வாசல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரெனிஷா ஃபோனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அல்போன்சா அடுக்கினாள். வெளிச்சுவருக்குக் கான்கிரீட் கல். உள்ளே நெருப்பு படுகிற இடத்துக்குச் சூடு தாங்கும் மஞ்சள் செங்கல்.

"மாம், திஸ் இஸ் நாட் லெவல். லைக், அட் ஆல்."

"உன் பாட்டனா வந்து அளக்கப் போறாரு? பூசினா சரியாயிரும், தள்ளு."

உள் செங்கலுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவு சந்து இருந்தது. அல்போன்சா அதைச் சிமென்ட் போட்டுக் குத்திக் குத்தி அடைத்தாள். "பாரு, காத்துகூடப் போகாது!" என்று கையைத் தட்டிக்கொண்டாள். தட்டிவிட்டு ரூஃபஸைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அந்தச் சந்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் படம் மாட்டினால்கூட ஆணி கோணல் என்று குதிக்கிற மனிதர். இப்போது வாய் திறக்கவில்லை. அவளும் மகளும் என்ன கேவலமாகக் கட்டினாலும் இவருக்கு ஒன்றுமில்லையா? அந்த அளவுக்கா விட்டுவிட்டார்?

சனிக்கிழமை சாந்துச் சட்டியை எட்டி எடுக்கப் போன அல்போன்சா, கால் வழுக்கி அதிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். எழுந்தால் பின்னால் சட்டியும் கூடவே வந்தது. ரெனிஷா புல்லில் விழுந்து புரண்டாள். "ஓ மை காட், மாம், டோன்ட் மூவ், நான் ஃபோட்டோ எடுக்கணும்!" அல்போன்சாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. சட்டென்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அவர் ஞாபகம் வந்தது. திருடிப் பிடிபட்டவர்கள் போல வாயை மூடிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் விறகு மூட்டையைப் பிரித்தாள். மெஸ்கீட் என்று எழுதியிருந்தது. ஒரு கட்டையை மோந்து பார்த்துவிட்டு அதிர்ந்தே போனாள். "அடப்பாவிகளா, இது நம்ம சீமைக்கருவேலம்டீ! ஊர்ல மெஷின் வச்சுப் புடுங்கிப் போடுறான். இங்க ரிப்பன் கட்டி விக்கிறான்."

ரெனிஷா சாந்துப் பையைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். "மாம், த பேக் ஸேய்ஸ் வெய்ட் ஒன் வீக். அப்புறமும் சின்னச் சின்ன ஃபயர்தான் ஃபர்ஸ்ட்."

"பை அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது. எனக்கு நாளைக்கு அப்பாயின்ட்மென்ட்."

"இட்ஸ் ஸ்டில் வெட், மாம்."

"வெட்டா இருந்தாலும் எரியும். கொளுத்து!"

கொளுத்தினார்கள். சின்னத் தீயெல்லாம் இல்லை, கட்டைகளை நெஞ்சு உயரம் அடுக்கிக் கொளுத்தினார்கள். நெருப்பு தணிந்து கங்கு விழுந்ததும், சங்கரா மாதிரி சிவந்த ஒரு முழு மீனை வலையில் வைத்தாள். தொண்டை எரியக்கூடாது என்று மிளகாய் சேர்க்கவில்லை, மஞ்சளும் உப்பும்தான். கொழுப்பு உருகிக் கங்கில் சொட்டியது. அந்த வீட்டில் எத்தனையோ மாதம் கழித்து எழுந்த முதல் வாசனை நேரே நாற்காலிப் பக்கம் போனது. அல்போன்சா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் தொண்டையைப் பார்த்தாள்.

ரூஃபஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே நேரம் அடுப்புக்குள் டப்பென்று ஒரு சத்தம். ஈரம் ஆவியாகி ஒரு செங்கல் தெறித்தது. அடுத்து உள்சுவர் சூட்டில் விரிந்து வெளிச்சுவரை நெட்டித் தள்ள, அது மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்தது. பக்கச் சுவர் சரிந்தது. வலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, மீன் கங்குக்குள் போய் விழுந்தது. அல்போன்சா கரண்டியால் வாரி எடுத்து, சாம்பலைத் தட்டி, ஒரு தட்டில் போட்டாள். மீன் ஒரு பக்கம் முழுக்கக் கரியாயிருந்தது.

அவ்வளவுதான், அவளுக்குள் கட்டி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. தட்டோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"இன்னும் என்னதான் செய்யணும் நான்? சொல்லுங்க! கஞ்சி வச்சேன், காலைப் பிடிச்சேன், இப்போ கொத்தனார் வேலையும் பாத்தாச்சு. நாளைக்கு அந்தப் பொண்ணு ட்யூபை எடுக்கவே முடியாதுன்னு சொல்லுவா. நான் தலையாட்டிட்டு வரணுமா? ஒரு வாய்! ஒரே ஒரு வாய் எனக்காக முழுங்கக் கூடாதா?"

ரெனிஷா அழ ஆரம்பித்தாள். ரூஃபஸ் உடைந்த சுவரைப் பார்த்தார். பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை கரகரத்தது.

"இடம் விடணும்ட்டீ. சூட்டுக்குக் கல்லு விரியும்ல. அந்தச் சந்தை அடைச்சிருக்கவே கூடாது."

அல்போன்சா அவர் பக்கம் குனிந்தாள். "தெரியுமா உங்களுக்கு? அப்பவே தெரியுமா? பின்ன ஏன் வாயைத் தொறக்கலை?"

"ரெண்டு பேரும் சந்தோஷமாக் கட்டிட்டு இருந்தீங்க. நான் ஏதாவது சொன்னா நிறுத்திருவீங்கன்னு பாத்தேன்." மூச்சு வாங்கினார். "நேத்துச் சிரிச்சீங்க. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டீங்க. கராஜுல போயித் திங்கிறீங்க. கார்க் கதவு சாத்துற சத்தம் எனக்குக் கேக்காதாக்கும்?"

அவள் தட்டைத் தரையில் வைத்தாள்.

"இந்த வீட்ல ஒரு வாசனை இல்ல, ஒரு சட்டி உருள்ற சத்தம் இல்ல. எனக்குத் தொண்டைதான் போச்சு. நீங்க ரெண்டு பேரும் என்னைக் குழியில வச்சு மூடிட்டீங்கட்டீ. ரெண்டு ஆளு எதிர்ல உக்காந்து என் தொண்டையையே பாத்தா, எவனால முழுங்க முடியும்? தனியா உக்காந்து மண்ணைத் திங்கணும்னா, யாருக்காகத் திங்கணும்?"

அவர் உதட்டுக் கோடியில் எச்சில் வழிந்தது. துடைக்கக் கையெடுத்தவள், துடைக்காமல் பக்கத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்பு என்று நினைத்துச் செய்ததெல்லாம் அவரை இப்படிக் கொன்றிருக்கிறதே! காருக்குள் ஒளிந்து தின்ற ஒவ்வொரு ரொட்டித் துண்டும் அப்போது அவள் நெஞ்சை அடைத்தது.

"நீ சாப்பிடு" என்றார் ரூஃபஸ். "இங்க உக்காந்து, என் கண்ணு முன்னால."

"நானா? நான்—"

"ஏ புள்ள, நீயும் வா. அம்மாகூட உக்காரு."

ரெனிஷா வந்து அம்மாவின் தோளோடு ஒட்டிக்கொண்டாள். அல்போன்சா கரி பிடிக்காத பக்கம் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். கண்ணீரும் மூக்கு நீரும் சேர்ந்து இறங்கின. மென்றாள். ரெனிஷாவும் ஒரு துண்டு எடுத்தாள், முகத்தைச் சுளித்தாள். ரூஃபஸ் ஒருவர் வாயை விட்டு ஒருவர் வாயென்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாயைத் திறந்தார்.

அல்போன்சா தோல் உரித்து, முள் பார்த்து, உள்சதையை வெந்நீர் விட்டு விரலால் கூழாய் மசித்தாள். நகத்தளவு எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். இந்த முறை இரண்டு பேருமே அவர் தொண்டையைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக் குனிந்து தங்கள் பங்கை மென்றார்கள். மேலே வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஓர் இருமல், இன்னோர் இருமல். அல்போன்சா பாதி எழுந்துவிட்டாள். அவர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"இறங்கிருச்சு" என்றார்.

அவள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். போட்ட கை அங்கேயே நின்றது.

"மீன் எப்படிட்டீ இருக்கு? உள்ளதைச் சொல்லு."

அல்போன்சா பொய் சொல்லப் போனாள். அவர் கண்ணைப் பார்த்தாள், முடியவில்லை. "நானும் உப்புப் போட்டேன், அவளும் போட்டிருக்கா. ஒரே கைப்பு. வாயில வைக்க வெளங்கலைங்க."

"இட்ஸ் டெரிபிள், டாடி" என்றாள் ரெனிஷா.

"அப்போ தட்டை இப்படித் தள்ளுங்க" என்றார் ரூஃபஸ். "எனக்குத்தான் ருசியே தெரியாதே."