நரிக்காக எழுதப்பட்ட கடிதம்

நேற்று மதியம் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி அந்த மரணச் செய்தியைச் சொன்னது. ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை பௌசியா டீச்சர் மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நான் குழாயைத் திறந்தபடியே நின்றேன். பக்கத்தில் இருந்தவர்தான் அதை மூடினார்.

நிந்தவூரில் ஒரே பாடசாலையில் பதினெட்டு வருடம் நாங்கள் கற்பித்தோம். அவருக்கு விலங்கியல், எனக்குக் கணிதம். இடையில் அரைச்சுவர்தான் என்பதால் அவருடைய பாடத்தில் பாதி என் வகுப்பிலும் நடக்கும். என் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு அதைத்தான் கேட்பார்கள். சாம்பல் ஓநாய்களைப் பற்றி அவர் படிப்பித்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓநாய்களைச் சுட்டுத் தீர்த்த காட்டில் மான்கள் பெருகி, ஆற்றங்கரைக் கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் மேய்ந்துவிடும். மரம் இல்லாமல் குருவிகள் போகும், கரையும் இடியும் என்றார். இந்த நாட்டில் ஓநாயே இல்லையே, இதை ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள்.

"மகள், நம்மட வயலுக்கு நரிதான் ஓநாய். அது இல்லாட்டி எலிய ஆரு அடக்குற?" என்றார்.

இரண்டு வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

டீச்சருக்கு வாப்பா விட்டுப்போன வயலைத் தம்பி றபீக் செய்துவந்தார். அதற்கு அடுத்தது என் வயல். ஒரு பெரும்போக நெல் விதைப்புக்கு முன், ஆட்டுக்குட்டிகளையும் கோழிகளையும் பிடிக்கும் நரிகளுக்கு நஞ்சு வைப்பது பற்றி விவசாயிகள் கூட்டத்தில் பேசப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, டீச்சர் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை என்னிடம் தந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. "நீங்க வாசிச்சாக் கேப்பாங்க சேர்" என்றார்.

நான் வாசிக்கவில்லை. நரிக்கு வக்கீலாக வந்திருக்கிறான் என்று கேலி செய்வார்களே என்று கூச்சம். கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்தது. நஞ்சு வைக்கச் சம்மதமானவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் உயர்த்தினேன். மறுநாள் டீச்சர் கேட்டார். வாசித்தேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை என்று சொன்னேன்.

"அப்ப நான் எழுதினதுலதான் பிழை" என்றார்.

சில நாட்களில், பொழுதுபடும் மஃரிப் நேரத்து ஊளை நின்றுபோனது. செத்த நரிகளைத் தின்ற பருந்துகளும் உடும்புகளும் வரப்புகளில் கிடந்தன. அடுத்த போகத்தில், கதிர் வெளிவரும் முன்பே எலிகள் பயிரை அடியோடு வெட்டின. சேற்றில் இறங்கி வேலை செய்த றபீக்குக்கு எலிக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் மௌத்தானார். அந்த வீட்டுக்குப் போனபோது டீச்சரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நரி இருந்திருந்தா தம்பி இருந்திருப்பான் எண்டு சொல்ல ஏலா சேர். எலி எப்பவும் இருந்ததுதான். ஆனா நான் இன்னும் விளக்கமா எழுதியிருக்கணும்" என்றார்.

அடுத்த ஆண்டு திருத்தி எழுதித் தந்தார். இந்த முறை வாசித்தேன். ஒருவரும் கேலி செய்யவில்லை. இனி நஞ்சு வைப்பதில்லை என்று ஒரே குரலில் முடிவெடுத்தார்கள். ஆனால் காப்பாற்றுவதற்கு எங்கள் வயல் வட்டையில் ஒரு நரியும் மிஞ்சியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மடிப்புக் கலையாமல் கிடந்த முதற் கடிதத்தை அன்றுதான் விரித்தேன். இரண்டுக்கும் இடையில் நான்கைந்து சொற்கள்தான் வித்தியாசம். அதையும் டீச்சரிடம் நான் சொல்லவில்லை. நோயில் விழுந்து பேச்சுக் குறைந்த மாதங்களிலும் சொல்லவில்லை.

நேற்று மாலை அஸருக்குப் பின், அடக்கம் செய்யுமுன் ஜனாஸாத் தொழுகை. அதற்கு முன் டீச்சரின் மகன் எங்கள் பக்கம் திரும்பி, "எங்கட உம்மா ஆர்ர மனசயும் நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" என்று கேட்டார். மன்னித்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

டீச்சர், முதற் கடிதத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அல்லாஹ் நீங்கள் உறங்கும் கபுறை விசாலமாக்குவானாக. உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன், உங்களை மன்னித்ததாகச் சொல்லி அனுப்பிவைத்துவிட்டேன்.