எனக்குத் தா என்று கேட்டேன், தந்தாள்

அம்மன் அடியார் எல்லோருக்கும் வணக்கம். வைகாசிப் பொங்கல் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கோயில் செயலாளர் கேட்டபோது, "எனக்குச் சொறியத்தான் தெரியும்" என்றேன். "அப்ப அதையே எழுதுங்கோ" என்றார். எழுதுகிறேன்.

போன வருடம் மாசிக் கடைசி. எங்கள் ஊர் அக்கராயனில் அறுவடை முடிந்து எங்கள் முற்றம் முழுக்க நெல். என் ஒரே மகள் துளசிக்கு நாலு வயது. விரல்களைப் பிறாண்டத் தொடங்கினாள். "நெல்லுச் சுணை, குளிச்சால் போகும்" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். குளித்தாள். போகவில்லை. படுக்கப்போனால் இன்னும் மோசம். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எங்கும் சின்னச் சின்னப் பருக்கள். பங்குனி பிறந்ததும் சில பருக்கள் உடைந்து நீர் வடிந்தது. உடனே அடுத்த தீர்ப்பு: அம்மாள் வந்துவிட்டாள்.

கொப்புளிப்பானை, அந்த அம்மை நோயை, நாங்கள் அம்மாள் என்றுதானே சொல்வது. வாசல் படலையில் வேப்பிலை கட்டினேன். மீன் இல்லை, தாளிதம் இல்லை, வருவார் போவார் இல்லை, மருந்தும் இல்லை. அம்மாள் வீட்டில் இருக்க ஆஸ்பத்திரிக்குப் போவது அவளை அவமதிப்பது என்று நம்பியவன் நான். "ஒருக்காக் காட்டுவமே" என்று மனைவி கலா கேட்டாள்.

"நீ என்ன டொக்டரோ?" என்றேன்.

"அப்ப நீங்களோ?" என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

வேப்பிலையால் தடவத் தடவப் புண்கள் பெருத்துச் சீழ் கட்டின. காய்ச்சலும் வந்தது. ஒரு காலை துளசி எழும்பியபோது கண்ணிமை வீங்கி முகமே ஊதிக் கிடந்தது. பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறத்தில் சலம் பெய்தாள். "அப்பா, கடிக்குது" என்று சொல்லக்கூடப் பிள்ளையிடம் சத்தம் இல்லை. என் கையைவிட்டுப் போகிறாள் என்றே நினைத்தேன்.

சாமிப்படத்தின் முன் விழுந்தேன். எனக்கு மந்திரம் தெரியாது. "தாயே, அவள் பச்சைப்பிள்ளை. அவளுக்குக் குடுத்ததை எனக்குத் தா" என்று அழுதேன்.

எழும்பி முகத்தைத் துடைத்தபோது என் விரலிடுக்கு அரித்துக் கடித்தது. பார்த்தால் அதே பருக்கள். முன்பே இருந்தனவோ தெரியாது, அன்றுதான் கண்டேன். லொத்தர்ச் சீட்டு விழுந்தவன்போல முற்றத்துக்கு ஓடினேன்.

"கலா! எனக்கு வந்திட்டுது! அம்மாள் கேட்டிட்டா!"

கலா என் கையைப் பார்த்தாள். பிறகு மூக்கைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்த மூக்கிலை என்ன பள்ளம்?"

"சின்னனிலை அம்மாள் போட்டது."

"ஒருக்கா வந்தால் திரும்ப வராதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறது ஆர்? பிறகெப்பிடி இப்ப வந்தது?"

மூக்கைத் தடவிப் பார்த்து, "நீ சொல்லுறது சரி" என்றேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுவே ஓர் அற்புதம்.

"இது அம்மாள் இல்லையப்பா. வேறை என்னவோ. அதைத்தான் அவ உங்கட கையிலை காட்டியிருக்கிறா. ஓட்டோவைக் கூப்பிடுங்கோ."

படலையில் கட்டிய வேப்பிலையை அவளே அவிழ்த்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர். துளசியின் விரல்களை விரித்துப் பார்த்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, நீங்களும் கையை நீட்டுங்கோ. ம்... சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ளை குடியிருக்குது. கொப்புளிப்பான் எண்டால் காய்ச்சலோடை நெஞ்சு, முதுகு, முகமெல்லாம் நீர்க்கொப்புளம் போடும். இது விரலிடுக்கு, இடுப்பு எண்டு இடம் பாத்து இருக்கும். படுத்தால் கூடக் கடிக்கும். வீட்டிலை ஒராள் மாறி ஒராள் சொறிவினம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொறிஞ்ச புண்ணிலை கிருமி புகுந்திருக்கு. முகம் வீங்கினதும் சலம் நிறம் மாறினதும் அதாலைதான், சிறுநீரகத்தைத் தொட்டிட்டுது. வாட்டிலை மறிச்சு வைப்பம். நல்லவேளை, இண்டைக்கே வந்தீங்கள்."

"அம்மாள் எண்டு நினைச்சம் டொக்டர்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அம்மாளெண்டாலும் கொண்டு வாங்கோ அண்ணை. நான் செருப்பைக் கழட்டிப்போட்டுப் பாக்கிறன்."

அந்தச் சொல்லுக்கே அவரைக் கும்பிட்டேன். துளசியின் முகவீக்கம் ஆஸ்பத்திரி வாட்டிலேயே வற்றியது. வீங்கிய கண்களோடு ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளை அவள். எனக்கு இரத்தம் எடுத்திருந்தால் கட்டிலுக்கடியில் ஒளித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும் என்று உத்தரவு. கடித்தாலும் கடிக்காவிட்டாலும், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை. உடுப்பு, படுக்கைவிரிப்பு எல்லாம் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைக்கவேண்டும். நெல் அவிக்கும் பீப்பாவை அடுப்பில் ஏற்றினேன். அடுத்த வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, நெல்லோ அவிக்கிறியள்?"

"இல்லை அண்ணை, நான் கட்டுற சறம்."

கேட்டுச் சிரித்தவர் தன் வயிற்றைச் சொறிந்தார். அடுத்த நாள் அவர் வீட்டாரையும் டொக்டரிடம் அனுப்பினேன். மருந்து பூசிய பிறகும் கொஞ்சக் காலம் கடிக்கும், பயப்படக்கூடாது என்று டொக்டர் சொன்னதை இப்போது நானே ஊருக்குச் சொல்லித் திரிகிறேன். கலா கேட்டுக்கொண்டே என் சறத்தை மடிக்கிறாள்.

இந்தப் பங்குனியில் துளசி தன் கையாலேயே அம்மாளுக்குப் பூ வைத்தாள். ஒரு புண்ணும் இல்லாத விரல்கள். பார்த்துக்கொண்டு நிற்க என் கண் நிறைந்தது.

அடியார்களே, நம்பிக் கேளுங்கோ, தருவாள். பிள்ளை சொறிந்தால் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் விளக்கையும் ஏற்றுங்கோ, ஓட்டோவையும் கூப்பிடுங்கோ. ஆனால் கேட்கும்போது சொல்லைப் பார்த்துக் கேளுங்கோ. 'எனக்குத் தா' என்று நான் கேட்டேன். ஒரு குறையும் வைக்காமல் தந்தாள்.