எதிர் நாற்காலி

என் நாத்தனாருக்கு ஓரகத்தி அவள். எனக்கு என்ன முறை என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டு, குழப்பம் எதற்கென்று அக்கா தங்கை ஆகிவிட்டோம். தையல் கடையில் காஜா எடுப்பது அவள் வேலை. சட்டையில் பித்தான் நுழையும் ஓட்டையை வெட்டி, ஓரத்தை நூலால் கட்டவேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்தார். மகள் கல்யாணமாகித் தூரம் போனாள். வீட்டில் பேச்சுத் துணைக்கு ரேடியோ மட்டும்தான்.

அதனால் கடையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலர் தைப்பவள் என்றால் அவளுக்கு உயிர். 'மகாராணி' என்றுதான் கடையே கூப்பிடும். அது கிண்டல் என்று அந்த மகாராணிக்குத் தோன்றியதே இல்லை. வாயைத் திறந்தால் தன் பெருமைதான். இவளுக்குக் காய்ச்சல் என்றால், "எனக்கு வந்த காய்ச்சலை நீ பார்க்கலையே!" என்பாள். இவள் குனிந்து தைத்தாலும் பொறுக்காது.

"ஏண்டி, நான் சொல்லிக்கிட்டிருக்கேன், நீ துணியைப் பார்க்கிறியே? என் முகத்தைப் பாரு!"

ஒரு நாள் அப்படி முகத்தைப் பார்த்துக் கதை கேட்டதில், ஆண்கள் சட்டைக்கு இடப்பக்கம் வர வேண்டிய காஜாவை வலப்பக்கம் வெட்டிவிட்டாள். ஒரு கட்டுச் சட்டை பாழ். வெட்டிய துணி ஒட்டுமா? முதலாளி வந்து கத்தினார். இவள் தோழியைப் பார்த்தாள். 'நான்தான் பேச்சுக் கொடுத்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நான் அப்பவே சொன்னேன் முதலாளி, இவளுக்கு வேலையில கவனமே இல்லைன்னு," என்றாள் மகாராணி.

அன்று சாயங்காலம் இவள் என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "அக்கா, இவளையும் விட்டுட்டா எனக்குன்னு யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் தன் நாற்காலியைத் தூக்கி, மூலையில் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். கேட்டவர்களிடம், "இங்க காத்து நல்லா வருது," என்றாள். மகாராணி ஏன் என்று கேட்பாள் என மத்தியானம் வரை காத்திருந்தாளாம். எங்கே! காலியான இடத்தில் ஜிப் தைப்பவளை உட்காரவைத்து, அதே கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில்தான் மகாராணி வந்து நின்றாள்.

"நீ இங்க வந்ததுல எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவளுக்குக் கதை கேட்கவே தெரியலைடி."

"ஆமா, உனக்குக் கஷ்டம்தான்," என்று சொல்லிவிட்டு இவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

அதிலிருந்து மகாராணியிடம் 'ஆமா' போடுவதோடு சரி, தன் சங்கதி எதையும் வாய்விடுவதில்லை. காஜாவும் பக்கம் மாறுவதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் மகாராணி சொல்லும் அந்தக் கதை சிரிப்பு வரும் இடத்துக்கு வந்தால், ஜிப்காரி சிரிப்பதற்கு முன்பே இவள் சிரித்துவிடுவாளாம், சுவரைப் பார்த்தபடி.