பொட்டு வைத்த ஆம்ப்

கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டியை நாங்கள் ஆம்ப் என்போம். என் ஆம்பின் ஒவ்வொரு குமிழுக்குப் பக்கத்திலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். மனைவியின் பொட்டு அட்டையிலிருந்து எடுத்ததுதான். மேடையில் எவனாவது கை அரிப்பெடுத்துக் குமிழைத் திருகிவிட்டுப் போனாலும், பொட்டுக்கு நேராகத் திருப்பி வைத்தால் என் டோன் வந்துவிடும் என்று கணக்கு. ஒரே ஸ்வரத்தை இரண்டு பேர் வாசித்தாலும் இரண்டு குரலாகக் கேட்கிறதே, அதுதான் டோன். மற்றவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. நாங்கள் அதற்காக உயிரை விடுவோம்.

எனக்குப் பிழைப்பு தி.நகர் மண்டபங்களில் ரிசப்ஷன் கச்சேரி. யார் கேட்கிறார்கள்? பாதிப் பேர் போட்டோவுக்கு வரிசையில் நிற்பார்கள், மீதிப் பேர் பந்திக்கு ஓடுவார்கள். ஆனாலும் அந்த இரைச்சலுக்கு நடுவே என் கிட்டார் என் கிட்டாராகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

குழுவில் இன்னொரு கிட்டார் வாசித்தவன் என் நண்பன். பட்டினப்பாக்கத்துக்காரன். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், இவன் மட்டும் சர்ச் பாடகர் குழுவில் வாசித்து வாசித்து எங்களிடம் வந்து சேர்ந்தான். எந்தக் கிட்டாரைக் கொடுத்தாலும், எந்த ஓட்டை ஆம்பில் செருகினாலும் வாசிப்பான். என் பொட்டுகளைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு தாங்காது.

"இன்னா மச்சி, ஆம்புக்கு வளைகாப்பா? இத்தினி பொட்டு வெச்சிக்கீற?"

"கிண்டல் பண்ணு. இந்த செட்டிங் இல்லாம இந்த சவுண்ட் வருமா, சொல்லு."

"சவுண்டு பொட்டியில இல்ல மச்சி, உன் கையில கீது. நானும் சொல்லிக்கினே கீறேன், காதுல போட்டுக்கவே மாட்டேன்ற."

வேனில் போகும்போதும், பந்தியில் இலை போட்ட பிறகும் இதே சண்டைதான். ஒரு தடவைகூட அவன் விட்டுக்கொடுத்தது கிடையாது. நானும்தான். உள்ளுக்குள் எனக்கு ஒரு பயம் இருந்தது. கைக்கு வயதாகும், நடுங்கும். பெட்டி கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். டோன் பெட்டியில் இருக்கிறது என்று நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஒரு ரிசப்ஷனில், நீட்டிப் பிடித்தால் நெஞ்சைப் பிசைய வேண்டிய ஒரு ஸ்வரம் சவசவவென்று விழுந்தது. குனிந்து பார்த்தேன். குமிழ்கள் எல்லாம் பொட்டுக்கு நேராகத்தான் இருந்தன. மண்டபத்துக் கரண்ட் சரியில்லை என்று திட்டினேன். அடுத்த கச்சேரியிலும் அப்படியே. கேபிளை மாற்றினேன். கடல் காற்றில் கம்பி துருப்பிடித்திருக்கும் என்று அதையும் மாற்றினேன். ஆம்பைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இவர்களுக்கு என்ன தெரியும் என்று வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாதக்கணக்கில் இதே அலைச்சல். இடையில், நடந்துகொண்டிருக்கும்போதே செருப்பு காலைவிட்டுக் கழன்று போனது. அதுகூடத் தெரியாமல் மந்தைவெளித் தெருவில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். ஆம்ப் நினைப்பில் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் மனைவி காபியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இப்பதாங்க இறக்கினேன். எப்படி அதை வெறுங்கையில பிடிச்சிட்டிருக்கீங்க?"

எவர்சில்வர் டம்ளரை விளிம்பில் பிடிக்காமல், இடதுகையால் முழுக்கச் சுற்றிப் பிடித்திருந்தேன். கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். விரல்கள் சிவந்து கன்றியிருந்தன. ஒரு சூடும் உறைக்கவில்லை.

கிட்டார்காரன் இடதுகை விரல் நுனி எப்போதும் காய்த்துத்தான் இருக்கும். அதுதான் எங்களுக்குப் பெருமை. அந்தக் காய்ப்புக்குக் கீழே விரல் மரத்துப்போய்க்கொண்டிருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. அடையாறில் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சர்க்கரை நரம்புகளை அரித்துவிட்டது என்றார். போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். ஆம்ப் ரிப்பேர் என்று நினைத்தேன் டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முன்பே வந்திருந்தால் இந்த அளவுக்குப் போகாமல் பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குப் பிடி வைத்த கப்பில்தான் காபி.

கம்பி விரலுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறவன் என்ன வாசிப்பான்? குழுவில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இருந்தது. அப்போது என்னைத் தாங்கியது என் பழைய வாதம் ஒன்றுதான். டோன் பெட்டியில் இருக்கிறதென்றால், அது எங்கேயும் போய்விடவில்லை. இதோ கூடத்து மூலையில், துணி போர்த்தியபடி இருக்கிறது. வேறு யாராவது வாசித்தால் நான் உட்கார்ந்து கேட்கலாம். அது போதும்.

சரஸ்வதி பூஜைக்குக் கிட்டாரையும் ஆம்பையும் படத்துக்கு முன்னால் வைத்து, மனைவி சந்தனம் குங்குமம் இட்டாள். மறுநாள் விஜயதசமிக்கு வாத்தியத்தை எடுத்துக் கொஞ்சமாவது வாசித்துவிட வேண்டும். நான் நண்பனை வரச் சொன்னேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தவன், படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தான். குமிழ்களை நானே ஒவ்வொன்றாகப் பொட்டுக்கு நேராக வைத்தேன். என் கிட்டார், என் கேபிள். கம்பியை மீட்டும் வில்லைகூட என்னுடையதையே கொடுத்தேன். நான் எப்போதும் கச்சேரியை ஆரம்பிக்கும் அந்தத் துண்டை வாசிக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு அவனுக்கு அது தலைகீழ்ப் பாடம்.

கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. நன்றாக வாசித்தான். ஆனால் அது அவன். சர்ச்சில் கூட்டத்தோடு சேர்ந்து பாடப் பழகிய, நேராக நிற்கிற அவன் குரல். நீட்டிப் பிடிக்கும் இடத்தில் என்னுடையது தயங்கித் தயங்கி மேலே ஏறும். அவன் ஒரே மூச்சில் ஏறி நின்றான்.

அவனும் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினான். திரும்ப ஆரம்பித்தான். வில்லையைச் சாய்த்துப் பிடித்தான், அழுத்தத்தைக் குறைத்தான், நான் தயங்கும் இடத்தில் தானும் தயங்கிப் பார்த்தான். மறுபடி மறுபடி அதே இடம். அவன் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் கிட்டாரை மடியில் கிடத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் ஆம்பைப் பார்த்தே சொன்னான்.

"நீ சொன்னதுதான் மச்சி கரெக்ட்டு. பொட்டியிலதான் கீது. கேட்ட இல்ல, அப்டியே உன் சவுண்டு."

அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காதவன், அன்றைக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். என் டோன் போயே போய்விட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமாம் மச்சி, அதேதான்" என்றேன்.